ரத்தம் தரும் முன்னறிவிப்பு

கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூர் தொடங்கிச் சின்னமனூர் வரையிலும், ரத்தப் பரிசோதனை நிலையம் என்ற பலகையைத் தாங்கி நிற்கும் இடங்களில் பெரும்பாலானவை, ஒரு டாக்டரின் அறையை ஒட்டியோ மருந்துக் கடையின் மாடியிலோ, நுண்ணோக்கி ஒன்றும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்றும் அணுக்களை எண்ணும் கருவி ஒன்றும் ஒரு நீள பெஞ்சும் கொண்டு நடத்தப்படுபவையே. அத்தகைய நிலையம் ஒன்றில் என் ஜீவனத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. திராட்சைத் தோட்டத்து விவசாயிகளும், விடியுமுன் ஜீப்பிலேறிக் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் கூலிப் பெண்களும், பருவந்தோறும் வரும் காய்ச்சலோடு அந்தப் பெஞ்சில் வந்து உட்காரும்போது, அவர்களும் அவர்களை அனுப்பிய டாக்டரும் எங்களிடம் கேட்டது அநேகமாக ஒரே வகைக் கேள்விதான்: இது என்ன காய்ச்சல்? மலேரியாவா, டைபாய்டா, டெங்குவா? டெங்குக் காலத்தில் தட்டணுக்களைத் தினமும் எண்ணி வந்தது ஒன்றுதான் அதற்கு விலக்கு. 2020ஆம் ஆண்டிலோ கேள்வியே வேறாகிவிட்டது. வியாதி இன்னதென்பது தெருவில் போகிறவருக்கும் தெரிந்திருந்தது. இவர் தேறுவாரா, மூச்சுத் திணறலுக்கு ஆளாவாரா, இன்று வீட்டுக்கு விடலாமா, இரவோடிரவாகக் க.விலக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று, இனி நடக்கப் போவதைச் சொல்லுமாறு ஒரு குழாய் ரத்தத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். அவ்விதம் கேட்கப்பட்ட ரத்தம் எதைச் சொல்லிற்று, எந்த நிபந்தனையின் பேரில் சொல்லிற்று என்பதையே இங்கே எழுத முற்படுகிறேன்.

நான் தொழில் பழகிய நாட்களில் நோயின் உக்கிரத்தை அளக்க எங்களிடம் இருந்த சாதனம் ஈ.எஸ்.ஆர். ஒன்றே, செங்குத்தாக நிறுத்திய கண்ணாடிக் குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்த்து, காசநோயாளி தேறி வருகிறாரா இல்லையா என்று டாக்டர்கள் அனுமானிப்பார்கள். அதற்கடுத்து வந்தது சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க் நகரத்து ராக்ஃபெல்லர் நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியாக் கிருமியின் உடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மாவுப் பொருளை நோயாளிகளின் ரத்தத் தெளிவோடு சேர்த்தபோது, ஜுரம் உச்சத்திலிருந்தவர்களின் தெளிவு மட்டும் அதனோடு கூடித் திரிந்து படிவதையும், தேறியவர்களிடம் அந்தக் குணம் மறைந்துவிடுவதையும் கண்டார்கள். ஆகவே இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே நுரையீரல் நோயின் ஏற்ற இறக்கத்தோடு சம்பந்தப்பட்டிருந்தது. எங்கள் ஊர்களில் அதைப் பார்க்கும் முறை எளிமையானது: கறுப்புத் தட்டில் ஒரு சொட்டு ரத்தத் தெளிவு, ஒரு சொட்டு லேடெக்ஸ் கரைசல், ஒரு குச்சியால் கலக்கி இரண்டு நிமிஷம் தட்டை ஆட்டினால், தயிர் திரிவதுபோல் திரிந்தால் பாசிட்டிவ். லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருந்தால் திரியும். எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் தெளிவைப் பாதி பாதியாக நீர்க்க வைத்து மறுபடி மறுபடி பார்த்து, 12, 24, 48 என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்கள் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்ததும் ஒன்றுண்டு: பாக்டீரியாவால் வரும் ஜுரத்தில் சி.ஆர்.பி. மேலெழும்பும், வைரஸ் ஜுரத்தில் அத்தனை எழும்பாது. கொரோனா அந்த வாக்கியத்தை முதல் சில மாதங்களிலேயே பொய்யாக்கிற்று.

தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையத்தை அடுத்து இந்தக் கிருமியைக் கண்டறியும் பரிசோதனையைத் தொடங்கிய முதல் சில அரசு ஆய்வகங்களில் எங்கள் தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகமும் ஒன்று என்பதில் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் சற்றே பெருமிதம் உண்டு. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த அந்தச் சோதனை, கிருமி உண்டு அல்லது இல்லை என்பதோடு நின்றுவிடும். 2020 மார்ச்சில் லான்செட் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை, வூஹான் நகரின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 191 பேரைப் பற்றியது, எங்கள் பள்ளத்தாக்கின் டாக்டர்களிடையே கைபேசி வழியாகப் பரவிற்று. வயது மிகுந்திருத்தல், அவயவங்கள் தளர்ந்திருத்தல், சேரும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேலிருத்தல் ஆகிய மூன்றும் மரணத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்று அது கூறிற்று. அதுவரை, காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் எப்போதாவது ஒருவருக்குக் கேட்கப்பட்டு, அதுவும் மதுரைக்கு அனுப்பிப் பார்க்கப்பட்டு வந்த டி-டைமர், அந்த வருஷ ஆடி மாதத்துக்குள் டீக்கடையில் பேசப்படும் சொல்லாகிவிட்டது.

இந்தக் குறியீடுகளின் உட்பொருளைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கிருமி முதல் வாரத்தில் பெருகுகிறது. பெரும்பாலோருக்கு அதோடு காரியம் முடிந்துவிடுகிறது. சிலருக்கு ஏழாம் நாளையொட்டி, கிருமி குறையத் தொடங்கிய பின்னும், உடல் தன் படைகளைத் திரும்ப அழைக்காமல் நுரையீரலையே தாக்க விட்டுவிடுகிறது. அப்போது இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் பொருள் ரத்தத்தில் பெருக, அதன் ஏவலால் கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்கிறது. செல்கள் சிதைவதால் எல்.டி.எச். என்ற நொதி கசிகிறது, இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் உயர்கிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களில் உறைவு தோன்றி, அதை உடலே கரைக்கும்போது உதிரும் துணுக்கு டி-டைமராக வெளிப்படுகிறது, நிணநீர் அணுக்கள் என்னும் லிம்போசைட்டுகள் குன்றி, நியூட்ரோஃபில்கள் மிகுகின்றன. ஆக இவை எல்லாம் ஒரே கலகத்தின் வெவ்வேறு சத்தங்கள். எந்தச் சத்தத்தை எந்த நாளில் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. சி.ஆர்.பி. தூண்டப்பட்ட சில மணி நேரத்தில் எழத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சியைத் தொட்டு, தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும் தன்மையுடையது. மூன்றாம் நாளில் பார்த்துச் சுத்தமாயிருக்கிறது என்று வீட்டுக்குப் போனவர் ஒன்பதாம் நாளில் ஸ்ட்ரெச்சரில் வந்தால் அந்த மூன்றாம் நாள் எண் பொய் சொன்னதாக ஆகாது; அதனிடம் கேட்கக் கூடாத நாளில் கேட்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

கருவி தரும் எண்களைவிட என் கண்ணுக்கு அதிகம் பேசியது ரத்தப் பூச்சுத்தான். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை இழுத்து, லீஷ்மன் சாயம் தோய்த்து, எண்ணெய் லென்சின் கீழ் நூறு வெள்ளையணுக்களை வகைபிரித்து எண்ணும் பழக்கத்தை, கருவி வந்த பின்னும் நான் விடவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஈசினோஃபில் என்ற அணுவைத் தெரியாத குடும்பம் கிடையாது; இருமல் நீடித்தால் கிழவிகூட ‘ஈஸ்னோபில் கூடிருக்கும், பாருங்க தம்பி’ என்பாள். குடற்புழுவாலோ தூசியாலோ ஒவ்வாமையாலோ எங்கள் ஜனங்களின் ரத்தத்தில் அந்தச் செம்மஞ்சள் மணிகள் நிறைந்த அணுக்கள் நூற்றுக்கு ஏழு எட்டு என்று சர்வ சாதாரணமாகத் தென்படும். கொரோனா நோயாளிகளின் தகடுகளை வரிசையாகப் பார்த்து வந்தபோது, நோய் முற்றியவர்களிடம் அவை அறவே இல்லாமல் போயிருப்பதையும், தேறத் தொடங்கியவர்களிடம் ஒன்று இரண்டாகத் தலைகாட்டுவதையும் கண்டேன். இது என் தனிப்பட்ட கண்டுபிடிப்பு என்று சொல்ல வரவில்லை. பல தேசத்து மருத்துவர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் எப்போதும் ஈசினோஃபில் மிகுந்திருக்கும் ஊரில் அதன் மறைவு கண்ணில் படுகிற அளவுக்கு, சாதாரணமாகவே அது ஒன்றிரண்டாக இருக்கும் ஊரில் படாது என்பது என் அபிப்பிராயம். செலவு என்று பார்த்தால் ஒரு கண்ணாடித் தகடும் சில சொட்டுச் சாயமுமே.

ஃபெரிட்டின் விஷயத்தில் ஊரின் இயல்பு இதற்கு நேர்மாறாக வேலை செய்தது. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் ஒரு பெண்மணியின் மகன், தேனியிலிருந்து வந்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: “அண்ணே, அம்மாவுக்கு ஃபெரிட்டின் நூத்தி நாப்பதுதான இருக்கு, நார்மல்னு பக்கத்துலயே போட்டிருக்கே. டாக்டரம்மா எதுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க?” அவன் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. அச்சிட்ட எல்லை 150, அவளுடையது 140. ஆனால் அந்த அம்மாளின் ஹீமோகுளோபின் எட்டைத் தொடவில்லை என்பதும், சிவப்பணுக்கள் வெளிறிச் சிறுத்துக் கிடந்தன என்பதும் என் தகட்டிலேயே தெரிந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019–21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தசோகை உடையவர்கள். இரும்பு வறண்ட உடலில் ஃபெரிட்டின் 15க்கும் கீழே கிடப்பது வழக்கம். அப்படிப்பட்டவருக்கு அது 140 ஆயிற்று என்றால், பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்றல்லவா பொருள்? தொற்று இருக்கும் நிலையில் 70க்குக் கீழே இருந்தாலும் இரும்புக் குறைவு உண்டு என்று சந்தேகிக்கும்படி உலகச் சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது. “தம்பி, அந்த நார்மல் வேற ஆளுக்குப் போட்டது, உங்க அம்மாவுக்குப் போட்டது இல்ல, டாக்டரம்மா சொல்றபடி இப்பவே வண்டி வை” என்றேன். அந்த டாக்டரம்மாள் ஃபெரிட்டினைப் பார்த்து அனுப்பவில்லை, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு வாங்குகிறாள் என்பதைப் பார்த்தே அனுப்பினார் என்பது பிறகு தெரிந்தது. அதைக் கேட்டு எனக்கு அவரிடம் மதிப்பு கூடிற்று.

எல்.டி.எச். பற்றி எங்கள் சாலைகளும் சிறிது பேசும். இந்த நொதி சிவப்பணுவுக்குள் தெளிவில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிந்திருப்பது. ஊசியை முரட்டுத்தனமாக இழுத்தாலோ, பிரிக்காத முழு ரத்தத்தை ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்து அனுப்பினாலோ, வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கினாலோ, சிவப்பணு உடைந்து எல்.டி.எச். வெளியேறி, நுரையீரல் சேதமே இல்லாதவரையும் அபாய நிலையிலுள்ளவராகக் காட்டிவிடும். மலையடிவாரக் கிராமங்களில் எடுத்து மோட்டார் சைக்கிளில் வந்து சேரும் மாதிரிகளில் தெளிவு ரோஜா நிறத்தில் இருந்தால் நான் அந்த எண்ணை வெளியிடுவதில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

டி-டைமரின் தொந்தரவு வேறு மாதிரியானது. அது அலகுகளின் தொந்தரவு. சில கருவிகள் ஃபைப்ரினோஜனுக்குச் சமமான அளவையாகவும், சில டி-டைமரின் நேரடி அளவையாகவும் சொல்கின்றன. முதலாவது இரண்டாவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. போதாததற்கு, ஒன்று மைக்ரோகிராமில், இன்னொன்று நானோகிராமில். ஒரே நோயாளி திங்கட்கிழமை ஒரு நகரத்து ஆய்வகத்தில் 0.9 என்றும் வியாழக்கிழமை வேறொரு நகரத்து ஆய்வகத்தில் 620 என்றும் இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு குலைநடுங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்; இரண்டும் ஒரே வகை அளவை என்று கொண்டு கணக்குப் பார்த்தால் முதல் தாளுக்கு இரண்டாவது தாழ்ந்ததே அன்றி உயர்ந்ததல்ல. சி.ஆர்.பி.யும் லிட்டருக்கு என்றும் டெசிலிட்டருக்கு என்றும் இரு விதமாக அச்சாகி வரும், 9.6 என்பதைக் கண்டு நிம்மதியடைந்தவருக்கு அது 96 என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. இவற்றோடு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஐம்பதைக் கடந்தவர்களுக்கு டி-டைமரின் எல்லை வயதோடு சேர்ந்தே உயர்வதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு அது இயற்கையாகவே உயர்ந்திருக்கும்.

2021ஆம் ஆண்டின் சித்திரை வைகாசி மாதங்களில் வந்த இரண்டாம் அலை இந்த நிதானங்களையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் தொகை 36 ஆயிரத்தைக் கடந்தது. பன்னீர் திராட்சை கொடியிலேயே தொங்கிற்று. கேரளத்துக்குப் போகும் வண்டிகள் நின்றன. எங்கள் வாசலில் மட்டும் விடியுமுன்பே ஜனம். சில தனியார் ஆஸ்பத்திரிகளில் ‘கோவிட் புரொஃபைல்’ என்ற பெயரில் ஆறேழு பரிசோதனைகளை ஒரே பொட்டலமாகக் கட்டி, தும்மல் மட்டும் உள்ளவருக்கும் தினந்தோறும் எடுக்கச் சொன்னார்கள். பயந்தவர்கள் சீட்டே இல்லாமலும் வந்து கேட்டார்கள். இன்டர்லூகின்-6 பார்க்க வேண்டுமென்று, ஏலக்காய்ச் சீட்டுப் பணத்தை எடுத்து வந்த ஒருவருக்கு, அந்த முடிவு சென்னையிலிருந்து வந்து சேருவதற்குள் வியாதி தன் வழியைத் தானே தீர்மானித்துவிடும் என்று எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்த மே மாதத் தொடக்கத்தில், லேசான நோயுள்ளவர்கள் ஸ்கேனுக்கும் இத்தகைய ரத்தக் குறியீடுகளுக்கும் ஓட வேண்டியதில்லை என்று டில்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா பகிரங்கமாகவே சொன்னார். எந்த அழற்சியிலும் உயரக்கூடிய எண்ணைக் கண்டு மிரண்டு, பிராணவாயு தேவைப்படாதவருக்கும் ஸ்டீராய்டு கொடுப்பது எத்தகைய விபரீதம் என்பதற்கு இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு முந்திய வருஷமே சாட்சி சொல்லியிருந்தது: டெக்ஸாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், வெண்டிலேட்டரில் இருந்தோரின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்தது, பிராணவாயு வேண்டாதோருக்கு யாதொரு பயனும் தரவில்லை. சர்க்கரை வியாதி மலிந்த எங்கள் பக்கத்தில் அந்த ஸ்டீராய்டின் பின்விளைவாகக் கருப்புப் பூஞ்சை தலைதூக்கியதும், மே 20ஆம் தேதி அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

ஸ்டீராய்டு எங்கள் மேஜையிலும் ஒரு குழப்பத்தைக் கொண்டு வந்தது. இதைப் பற்றி அதிகம் பேர் எழுதிக் காணேன். நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் விகிதம், மலிவானதும் நம்பத் தகுந்ததுமான ஒரு குறியீடு. சாதாரணமாக இரண்டு மூன்று என்றிருப்பது, நோய் முற்றும்போது ஏழு, பத்து என்று ஏறும். ஆனால் டெக்ஸாமெத்தசோன் ஒன்றே நியூட்ரோஃபிலைப் பெருக்கி லிம்போசைட்டைக் குறைக்கும் ஆற்றலுடையது. மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி இரண்டு நாள் தின்றுவிட்டு வந்தவரின் விகிதம் பன்னிரண்டாக இருந்தால், அது நோயின் குரலா மருந்தின் குரலா என்று ரத்தத்தைப் பார்த்து மாத்திரம் சொல்ல முடியாது. டோசிலிசுமாப் என்ற விலை மிகுந்த ஊசியின் விஷயமும் இவ்வாறே: பிராணவாயு குறைந்து சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே அந்த ரெக்கவரி ஆய்வில் அது கொடுக்கப்பட்டது. அந்த ஊசி போட்ட பின்போ, இன்டர்லூகின்-6இன் ஏவல் தடைப்படுவதால், உள்ளே புதிதாக பாக்டீரியாத் தொற்று புகுந்திருந்தாலுங்கூட சி.ஆர்.பி. சமர்த்தாகக் கீழிறங்கிவிடும். எந்த எண்ணை வைத்து மருந்தைத் தீர்மானித்தார்களோ, அந்த எண்ணையே அந்த மருந்து வாயடைத்துவிடுகிறது.

பிரிட்டனில் பல்லாயிரம் நோயாளிகளைக் கொண்டு வகுத்து 2020 செப்டம்பரில் வெளியிடப்பட்ட ‘4சி’ என்ற மதிப்பெண் முறையை ஒரு டாக்டர் நண்பர் எனக்குக் காட்டியபோது, ஆய்வகக்காரனாகிய எனக்கு முதலில் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. மொத்தம் 21 மதிப்பெண். அதில் வயதுக்கு மட்டுமே 7 வரை கொடுக்கிறார்கள். பாலினம், உடனிருக்கும் வியாதிகள், மூச்சின் வேகம், பிராணவாயு அளவு, பிரக்ஞை ஆகியவற்றுக்குப் போக, ரத்தத்திலிருந்து வேண்டுவது இரண்டே: யூரியாவும் சி.ஆர்.பி.யும், அந்தச் சி.ஆர்.பி.க்கு அதிகபட்சம் 2. டி-டைமரும் ஃபெரிட்டினும் அந்த அட்டவணையில் இடம் பெறவில்லை. சிந்தித்துப் பார்க்கையில் எனக்கு இது சந்தோஷமாகவே பட்டது. யூரியா எங்கள் சிறிய நிலையத்தில் கால் மணி நேரத்தில் பார்க்கக்கூடியது. வயதைக் கேட்கவும் மூச்சை எண்ணவும் மதுரைக்கு எதையும் அனுப்ப வேண்டியதில்லை.

தனியொரு எண்ணை நம்பாதே, அதன் ஓட்டத்தைப் பார் என்று டாக்டர்கள் சொல்லுவதை எங்கள் ஜனங்களுக்கு விளங்க வைப்பது எனக்கு என்றுமே சிரமமாயிருந்ததில்லை. வைகை அணை அதற்குத் துணை செய்தது. 71 அடி கொண்ட அந்த அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது என்பது கரையோரத்துக் குழந்தைக்கும் தெரியும். அறுபது அடி தண்ணீர் மாசி மாதத்தில் இருந்தால் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே அறுபது, தேக்கடியில் மழை கொட்டும் ஐப்பசியில், நேற்று ஐம்பத்தைந்தாக இருந்து இன்று ஏறியதென்றால், ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். ‘சி.ஆர்.பி. நாப்பதுதான், ஆனா முந்தாநாள் எட்டு’ என்று சொன்ன மாத்திரத்தில் அவர்கள் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

இப்போது மழைக்காலத்து இன்ஃப்ளுயென்ஸாவுக்கும் அதே பரிசோதனைகளைக் கேட்டு வருகிறார்கள். எங்கள் நிலையத்தின் சீட்டில் பெயர், வயது, பணம் ஆகிய கட்டங்களுக்குக் கீழே மூன்று வரிகளை அச்சடித்துச் சேர்த்திருக்கிறோம்: காய்ச்சல் தொடங்கிய தேதி, ஸ்டீராய்டு எடுத்ததுண்டா, முந்தைய அளவு ஏதேனும் உண்டா. மூன்றாவது வரி அநேகமாகக் காலியாகவே வருகிறது. அவ்வாறு வந்தவருக்கு, பழைய தாள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்கும்படி எங்கள் பெண் தொழில்நுட்பர் போன் போட்டுக் கேட்கிறாள். சர்க்கரைக்காகவோ பிரசவத்துக்காகவோ என்றோ எடுத்த தாள் ஒன்று பலரிடம் இருக்கவே செய்கிறது. சி.ஆர்.பி.யையும் யூரியாவையும் வகைபிரித்த எண்ணிக்கையையும் இங்கேயே பார்த்துவிடுகிறோம். டி-டைமரை டாக்டர் எழுதினால் மட்டுமே எடுக்கிறோம். அதை இப்போது தேனிக்கு, ஒரே ஆய்வகத்துக்கே, நீல மூடியிட்ட சிட்ரேட் குழாயைக் கோடு வரை நிரப்பி அனுப்பி வருகிறோம்.